ஹாரி ஃபார் வழக்கு: இருபது நிமிட விசாரணையும் ஒரு சாரத் தொழிலாளியின் மரணமும்

கிழக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

முதல் உலகப் போரைப் பற்றித் தளபதிகளையும் ஒப்பந்தங்களையும் முன்வைத்து இப்பகுதியில் நிறையவே பேசிவிட்டோம். ஒரு சாதாரணச் சிப்பாயின் வழக்கை எடுத்துக்கொண்டு, அதில் யார் எங்கே தவறினார்கள் என்று விவாதிக்கலாம் என்று இவ்விழையைத் தொடங்குகிறேன்.

1916 அக்டோபர் 18ஆம் நாள் காலை ஆறு மணிக்கு, வட பிரான்சில் கார்னுவா என்னும் ஊரில், ஹாரி ஃபார் என்ற 25 வயதுச் சிப்பாயை அவருடைய சொந்த நாட்டுப் படையே சுட்டுக் கொன்றது. எதிரியின் முன்னிலையில் கோழைத்தனமாக நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. லண்டனின் கென்சிங்டன் பகுதியைச் சேர்ந்த இவர் 1908இல் படையில் சேர்ந்து, 1912இல் சேமப் படைக்கு மாறி, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தி வந்தார். போர் மூண்டதும் திரும்ப அழைக்கப்பட்டு, வெஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டுடன் 1914ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சுக்குச் சென்றார். அப்போது அவருடைய மகளுக்கு ஒரு வயதுதான்.

1915 மே மாதத்தில் அவர் நடுக்கத்துடன் சரிந்து விழுந்தார். பிரான்சின் பூலோன் நகர மருத்துவமனையில் ஐந்து மாதங்கள் கிடந்தார். அந்த நாட்களில் மனைவிக்கு வந்த கடிதங்கள் வேறொருவர் கையெழுத்தில் இருந்தன. பேனாவைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியதால் செவிலியர் ஒருவர் அவருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன்பின் மீண்டும் முன்னணிக்கு அனுப்பப்பட்டவர், 1916 ஏப்ரலில் இரு வாரங்களும் ஜூலையில் ஒரு நாளும் அதே நோய்க்காகச் சிகிச்சை பெற்றார். செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் அவருடைய படைப்பிரிவு பதுங்குகுழிக்குச் சென்றபோது உடல்நிலை சரியில்லை என்று பின்தங்கி, பின்னால் இருந்த வண்டி முகாமுக்குத் திரும்பிவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எங்கும் ஓடி ஒளியவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணியளவில் தாமாகவே சார்ஜென்ட் மேஜரிடம் சென்று நின்றார். சார்ஜென்ட் மேஜர் அவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். காயம் ஏதும் இல்லை என்பதால் அங்கே பார்க்க மறுத்துவிட்டார்கள். இரவு உணவுப் பொருள் கொண்டு செல்லும் குழுவோடு முன்னணிக்குப் போகும்படி கட்டளையிடப்பட்டு, பாதி வழியில் மறுபடியும் பின்தங்கினார். தன்னால் தாங்க முடியவில்லை என்று அவர் சொன்னபோது, சார்ஜென்ட் மேஜர் அவரைக் கோழை என்று கெட்ட வார்த்தையில் திட்டி, சுட்டுவிடச் செய்வேன் என்று மிரட்டியதாக விசாரணையில் ஃபார் கூறிய வாக்குமூலம் அப்படியே பதிவாகியிருக்கிறது. காவலர்கள் அவரைப் பிடித்து இழுத்துச் செல்ல முயன்றபோது கைகலப்பு ஏற்பட்டது. அதன்பின் கைது.

அக்டோபர் 2ஆம் நாள் வில்-சூர்-ஆங்க்ர என்ற ஊரில் இராணுவ நீதிமன்றம் கூடியது. விசாரணை சுமார் இருபது நிமிடங்களில் முடிந்தது. ஃபாருக்காக வாதாட ஒருவரும் இல்லை. சாட்சிகளை அவரே குறுக்கு விசாரணை செய்துகொள்ள வேண்டியிருந்தது. கைதான பிறகு ஏன் நோய் என்று முறையிடவில்லை என்று நீதிமன்றம் கேட்டது. குண்டுவீச்சிலிருந்து விலகி இருப்பதால் இப்போது தேறியிருக்கிறேன் என்று அவர் பதில் சொன்னார்.

இந்தப் பதில்தான் அவரைக் கொன்றது என்பது என் கருத்து. தப்பிக்க நினைக்கும் ஒருவன் இன்னும் நோயாகவே இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பான். உண்மையைச் சொன்னதால், பாதுகாப்பான இடத்தில் மட்டும் நலமாக இருப்பவன் என்று அது அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஓய்வுபெற்ற_சுபேதார்

கிழக்குவாசல் அவர்களே, விவரமாக எழுதியிருக்கிறீர்கள். நான் காலாட்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1916 ஜூலை 1ஆம் நாள் ஒன்றில் மட்டும் சோம் களத்தில் பிரிட்டிஷ் படையினர் 19,240 பேர் இறந்தார்கள். அதே பதுங்குகுழியில் அதே குண்டுமழையில் நடுங்கிக்கொண்டே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஒருவன் போகமாட்டேன் என்று சொல்லிப் பின்னால் திரும்பி வந்து, அதற்கு ஒன்றும் ஆகாது என்று மற்றவர்கள் பார்த்துவிட்டால், அடுத்த நாள் அந்தக் கம்பெனி என்ன ஆகும்? இதைக் கேட்காமல் தீர்ப்பளித்தவர்களை அரக்கர்கள் என்று சொல்லிவிடுவது எளிது.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அந்தப் போரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் 3,080, நிறைவேற்றப்பட்டவை 346. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரின் தண்டனை குறைக்கப்பட்டது. கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளிய படையின் கணக்கு இப்படி இருக்காது.

வெண்சீருடை

நான் மனநலப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். சுபேதார் ஐயாவின் கேள்வி நியாயமானது என்றாலும், அவர் சொல்லும் சூழலில் ஃபார் பொருந்தவில்லை என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். அவர் சோம்பலாலோ தந்திரத்தாலோ பின்தங்கியவர் அல்லர். படையின் மருத்துவமனையே ஐந்து மாதங்கள் வைத்திருந்து சிகிச்சை அளித்த நோயாளி அவர்.

குண்டுவீச்சின் அதிர்ச்சியால் வரும் மனநோயான ஷெல் ஷாக் என்பது அன்று யாரும் கேள்விப்படாத ஒன்றும் அன்று. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915 பிப்ரவரியிலேயே அதைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். படை நிர்வாகமோ அதை இரண்டாகப் பிரித்தது. குண்டு அருகே வெடித்து அதனால் பாதிக்கப்பட்டவர் காயமடைந்தவராகக் கணக்கிடப்பட்டு, காயத்துக்கான பட்டையும் ஓய்வூதிய உரிமையும் பெற்றார். அப்படி ஒரு வெடிப்பைச் சுட்டிக்காட்ட முடியாதவர் வெறும் நோயாளிதான். சிகிச்சை நிலையத்தின் வாசலில் காயம் இல்லை என்று ஃபாரைத் திருப்பி அனுப்பியதற்குப் பின்னால் இந்த மனப்பான்மைதான் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. எடின்பரோவுக்கு அருகில் கிரெய்க்லாக்கார்ட் என்ற இடத்தில், இதே நோய்க்கு ஆளான அதிகாரிகளுக்கென்று ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. புல்வெளி, கோல்ஃப், மருத்துவருடன் தனி அறையில் நீண்ட உரையாடல் என்று அங்கே சிகிச்சை நடந்தது. அது திறக்கப்பட்ட மாதம் 1916 அக்டோபர். ஃபார் சுடப்பட்ட அதே மாதம். ஆயிரக்கணக்கான சாதாரணச் சிப்பாய்களும் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேப்டனுக்குக் கை நடுங்கினால் அது களைப்பு என்றும் சாரத் தொழிலாளிக்கு நடுங்கினால் அது குணக்கேடு என்றும் பார்க்கும் கண் அந்தப் படையில் இருந்தது.

நடுநிசி_வாசகன்

மொத்தம் சுடப்பட்ட 346 பேரில் அதிகாரிகள் எத்தனை பேர்?

கிழக்குவாசல்

மூன்று பேர். அவர்களில் ஒருவருக்குக் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை. மற்ற இருவரான எரிக் பூல், எட்வின் டயட் ஆகியோர் படையை விட்டு ஓடியதாகத் தண்டிக்கப்பட்டவர்கள். பூல் சுடப்பட்டது 1916 டிசம்பரில், அதாவது ஃபாருக்கு இரண்டு மாதங்கள் கழித்து. அவருக்கும் ஷெல் ஷாக் வரலாறு இருந்தது. ஆகவே அதிகாரி என்றால் தப்பித்துவிடலாம் என்பது முழு உண்மையன்று. ஆனால் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதுவரை இக்குற்றத்துக்காக ஓர் அதிகாரிகூடச் சுடப்படவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் சுடப்பட்டவர் யார் தெரியுமா? தாமஸ் ஹைகேட், கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைக் கூலி. 1914 செப்டம்பர் 6ஆம் நாள் விசாரணை, 8ஆம் நாள் மரணம். போர் தொடங்கி ஐந்து வாரங்கள்தாம் ஆகியிருந்தன.

கறுப்பு_அங்கி

வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு கருத்து. இருபது நிமிடம் என்பதைக் கேட்டவுடன் எல்லாப் பழியையும் அந்த மூன்று அதிகாரிகள் கொண்ட நீதிமன்றத்தின் மீது போடுகிறோம். போர்க்கள நீதிமன்றத்தின் வரம்பு அவ்வளவுதான். என்னை உறுத்துவது தீர்ப்புக்குப் பின் நடந்தவை.

மரண தண்டனை உறுதியாவதற்கு முன் கோப்பு பல மேசைகளைக் கடந்து செல்ல வேண்டும். அந்தப் படிநிலைதான் சுபேதார் ஐயா குறிப்பிட்ட பத்தில் ஒன்பது உயிர்களைக் காப்பாற்றியது. ஃபாரின் கோப்பில் என்ன இருந்தது? அவருடைய நரம்புத் தளர்ச்சியைப் பற்றிச் சார்ஜென்ட் ஒருவர் சொன்ன சாட்சியம் இருந்தது. அவருடைய கேப்டன், இந்த மனிதனின் நரம்புகளை எது சிதைத்தது என்று தம்மால் சொல்ல முடியவில்லை என்றும், குண்டுவீச்சின்போது நிதானம் இழப்பதைத் தவிர மற்றபடி நடத்தை மிக நன்று என்றும் எழுதியிருந்தார். முன்பு ஃபாருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவ அதிகாரி தாமே காயம்பட்டுப் போயிருந்ததால் சாட்சி சொல்ல வரவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு மருத்துவர், உடலும் மனமும் திருப்திகரம் என்று சில வரிகளில் சான்றளித்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டு டிவிஷன் தளபதி மேலே தெரிவித்தது என்ன? இவன் எதற்கும் உதவாதவன் என்று படையினருக்கே தெரியும் என்பதுதான். சார்ஜென்ட் மேஜரின் அபிப்பிராயமும் மோசம் என்று சேர்த்துக்கொண்டு, பல டிவிஷன்கள் அடங்கிய கோர் என்னும் படைப்பிரிவின் தளபதி கேவன் பிரபு தண்டனையை நிறைவேற்றப் பரிந்துரைத்தார். அக்டோபர் 14ஆம் நாள் பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி டக்ளஸ் ஹேக் கையெழுத்திட்டார். மருத்துவமனைக் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள் என்று இந்த மேசைகளில் ஒன்றிலிருந்துகூட ஒரு வரி எழுதப்படவில்லை. பூலோன் அங்கிருந்து ஒன்றும் வெகுதூரம் இல்லை.

எந்தச் சிவில் நீதிமன்றத்திலும் அந்தப் பதிவைக் கேட்காத மேல்முறையீட்டு நீதிபதியை நாம் மன்னிக்க மாட்டோம். ஃபாருக்கோ மேல்முறையீடு என்பதே கிடையாது.

ஓய்வுபெற்ற_சுபேதார்

கறுப்பு அங்கி அவர்கள் சொல்வதில் கோப்பு பற்றிய பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். பட்டாலியன் மருத்துவ அதிகாரியின் பதிவேடு இல்லாமல் எந்தக் கோப்பும் மேலே போயிருக்கக் கூடாது. ஆனால் தண்டனையின் அவசியம் பற்றிய என் வாதம் அப்படியேதான் நிற்கிறது.

திசைகாட்டி

சுபேதார் ஐயாவுக்கு: ஆஸ்திரேலியப் படைகளை என்ன செய்வீர்கள்? 1916 கோடையில் அதே சோம் களத்தில் போசியர் கிராமத்தில் அவர்கள் பட்ட அடி யாருக்கும் குறைந்ததன்று. அவர்களுடைய நீதிமன்றங்களும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தன. ஆனால் அவர்கள் நாட்டின் 1903ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவர்னர் ஜெனரல் ஒப்புதல் இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது. அந்த ஒப்புதல் ஒருமுறைகூடத் தரப்படவில்லை. ஓடிப்போனதற்காக ஒரு ஆஸ்திரேலியச் சிப்பாயும் சுடப்படவில்லை. 1918இல் ஜெர்மானியரைப் பின்னுக்குத் தள்ளிய முன்னணிப் படைகளில் அவர்களும் இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற_சுபேதார்

அந்தக் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும், தம்பி. ஆஸ்திரேலிய டிவிஷன்களில் சிறையில் இருப்போரின் விகிதம் மற்றப் படைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஹேக் எழுதியிருக்கிறார். அவர்களுடைய தளபதிகளே மரண தண்டனை வேண்டும் என்று தங்கள் அரசிடம் கேட்டார்கள். அவர்கள் நன்றாகப் போரிட்டார்கள், அதே சமயம் நிறையப் பேர் ஓடவும் செய்தார்கள். இரண்டும் உண்மை.

திசைகாட்டி

ஓடினார்கள், சிறையில் இருந்தார்கள், பிறகு மீண்டும் போர்க்களத்துக்கு வந்தார்கள். படை கலைந்துவிடவில்லையே ஐயா.

பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்கட்சி உறுப்பினர் எர்னஸ்ட் தர்ட்டில் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பின், 1930இல் கோழைத்தனத்துக்கும் படையை விட்டு ஓடுவதற்கும் மரண தண்டனை நீக்கப்பட்டது. பிரபுக்கள் சபையில் அலன்பி போன்ற முன்னாள் தளபதிகள் எதிர்த்தும் மக்கள் சபை விடவில்லை. 1942இல் வட ஆப்பிரிக்காவில் நிலைமை மோசமானபோது, பிற்பாடு நம் நாட்டுப் படைத்தலைவராக இருந்த ஆக்கின்லெக் அதைத் திரும்பக் கொண்டு வரும்படி கேட்டார். லண்டன் இணங்கவில்லை. சுடும் தண்டனை இல்லாமலேதான் அந்தப் போரை முடித்தார்கள்.

மல்லிகைக்கொடி

படைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதையும் யாராவது எழுதுங்களேன்.

கிழக்குவாசல்

கேட்டதற்கு நன்றி சகோதரி.

மனைவியின் பெயர் ஜெர்ட்ரூட். கணவர் கோழைத்தனத்துக்காகச் சுடப்பட்டார் என்று போர்த் துறையிலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும், யார் கண்ணிலும் படாமல் இருக்க அதைத் தம் மேற்சட்டைக்குள் செருகிக்கொண்டதாகப் பல ஆண்டுகள் கழித்து அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவமானத்தால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறைத்து வைப்பதற்கும் வசதி வேண்டுமே. தபால் நிலையத்துக்குப் பணம் வாங்கச் சென்றபோது, இனி உங்களுக்கும் குழந்தைக்கும் ஓய்வூதியம் கிடையாது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். வாடகை கொடுக்க வழியில்லாமல் வீட்டைக் காலி செய்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஹாரியின் தந்தையோ மகனின் பெயரை வீட்டில் எடுக்கவே விடவில்லை.

சுடும்போது ஹாரி கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்தார் என்றும், அவரைவிட நல்ல சிப்பாய் இருந்ததில்லை என்றும் உடனிருந்த பாதிரியார் ஜெர்ட்ரூடுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். சுடுவோரை நேருக்கு நேர் பார்த்து நின்ற ஒருவரின் கோப்பில்தான் கோழை என்ற சொல் இருக்கிறது.

மகளும் ஜெர்ட்ரூட்தான், திருமணத்துக்குப் பின் ஜெர்ட்ரூட் ஹாரிஸ். தந்தை எப்படி இறந்தார் என்பது நடுவயதில்தான் அவருக்குத் தெரிய வந்தது. தாய் 1993இல் 99ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டில்தான் ஜான் மேஜர் அரசு, வரலாற்றைத் திருத்தி எழுத முடியாது என்ற தோரணையில் மன்னிப்பை மறுத்தது. 1998இல் ஆழ்ந்த வருத்தம் மட்டும் தெரிவித்தார்கள். குடும்பத்தினர் உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். கடைசியில் 2006 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் டெஸ் பிரவுன் 306 பேருக்கு மன்னிப்பை அறிவித்தபோது மகளுக்கு வயது 93.

கறுப்பு_அங்கி

அந்த மன்னிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலரும் 2006இல் அவர்கள் நிரபராதிகள் என்று அறிவிக்கப்பட்டதாக எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 2006ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சட்டத்தின் 359ஆவது பிரிவு, இவர்கள் மன்னிக்கப்பட்டவர்களாகக் கருதப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, உடனேயே இது எந்தத் தீர்ப்பையும் தண்டனையையும் பாதிக்காது, எந்த உரிமையையும் உண்டாக்காது என்றும் சொல்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பூட்டி வைத்த சட்டம் அது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய்ந்தால் பலவற்றில் சான்று இல்லை என்று வந்துவிடும், அதனால் எல்லோரையும் ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று அரசு முடிவு செய்தது.

என் பார்வையில் இது ஃபாருக்குக் குறைவு. அவருடைய வழக்கில் ஆவணம் முழுமையாக இருக்கிறது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். தீர்ப்பையே நீக்கியிருக்க முடியும்.

வெண்சீருடை

சட்டக் கணக்கில் குறைவாக இருக்கலாம். 93 வயதுப் பெண்ணுக்கு இன்னொரு பத்தாண்டு வழக்கு நடத்து என்று யாரும் சொல்ல முடியாது. அவர் 2001இலேயே ஸ்டாஃபர்ட்‌ஷயரில் சுடப்பட்டவர்களுக்கான நினைவிடத்தைத் திறந்து வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கம்பம் நட்டு அதில் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஃபாரின் பெயர் தியெப்வால் நினைவுச் சின்னத்திலும், சோம் களத்தில் கல்லறை தெரியாமல் போன எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் சேர்ந்தே இருக்கிறது. கல்லில் பெயர் வெட்டியவர்கள் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கவில்லை. ஓய்வூதியம் கொடுக்க வேண்டியவர்கள்தான் பிரித்தார்கள்.

நடுநிசி_வாசகன்

இந்தியச் சிப்பாய்களுக்கும் அந்த மன்னிப்பு பொருந்துமா? நம் சட்டத்தில் இப்போது நிலைமை என்ன?

கறுப்பு_அங்கி

அந்த 359ஆவது பிரிவு 1911ஆம் ஆண்டு இந்திய இராணுவச் சட்டத்தின் கீழான குற்றங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் இந்தியக் கிராமம் எதிலிருந்தும் ஒரு பேத்தி லண்டன் நீதிமன்றத்துக்குப் போனதாக நான் படித்ததில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை பலருக்கு வியப்பாக இருக்கும். நம்முடைய 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 34ஆவது பிரிவில், எதிரியின் முன்னிலையில் கோழைத்தனம் காட்டும் வகையில் நடந்துகொள்வது இன்றும் மரண தண்டனைக்குரிய குற்றம். ஃபார் மீதான குற்றச்சாட்டின் வாசகம் ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கிறது. வேறுபாடு நடைமுறையில்தான். பொது இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதிக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களும், சுருக்க முறையில் கூடும் நீதிமன்றமாக இருந்தால் அனைவரும் உடன்பட வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் செய்யலாம்.

ஓய்வுபெற்ற_சுபேதார்

அந்தப் பிரிவு இருக்கட்டும் என்றே இப்போதும் சொல்கிறேன். ஆனால் என் கம்பெனியில் ஒரு பையனுக்கு ஐந்து மாத மருத்துவமனைக் குறிப்பு இருந்திருந்தால், அவனை முன்னணிக்கு அனுப்பியிருக்க மாட்டேன். சமையற்கூடத்திலோ கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளவோ வைத்திருப்பேன். எல்லாப் பட்டாலியனிலும் அப்படி நாலு பேர் உண்டு, எல்லா சுபேதாருக்கும் அவர்களைத் தெரியும். ஃபார் திரும்பத் திரும்ப ஓடி வந்து நின்ற அந்த வண்டி முகாமில் ஆள் தேவை இல்லாமலா இருந்திருக்கும்? அந்த சார்ஜென்ட் மேஜர் அன்றிரவே அவரை அங்கேயே வேலைக்குப் போட்டிருந்தால் கோப்பே திறந்திருக்காது.